எட்டாவது பாட்டு யாருக்கு?

முத்துத்துறையில், ஜமைக்காவில் பிறந்த ஸ்கா என்னும் துள்ளல் இசையை வாசிக்கும் குழு ஒன்று இருந்தது. அவர்கள் வாசிக்க ஆரம்பித்தால் யாருடைய காலும் சும்மா இருக்காது. உப்பளத் தொழிலாளிகளுக்காகப் போராடி, வெள்ளைக்காரன் காலத்தில் தூக்குமேடை ஏறிய இருளாண்டியின் வாழ்க்கையை எட்டுப் பாட்டாகக் கட்டி ஓர் ஆல்பம் செய்திருந்தார்கள்.

வெளியீட்டுக்கு முதல் நாள், ஒத்திகை நடந்த இடத்துக்கு அமைச்சர் மாசானமுத்து மனைவியோடும் கட்சிக்காரர்களோடும் வந்து இறங்கினார்.

"இருளாண்டியை இப்ப யாருக்குய்யா தெரியும்? எட்டுப் பாட்டிலயும் அவன் பேரை எடுத்துட்டு என் பேரைப் போடுங்க. இல்லேன்னா நாளைக்கு அரங்கம் கிடையாது."

குழுவினர் வாத்தியங்களைக் கீழே வைக்கப் போனார்கள். ட்ராம்போன் ஊதும் ரெஜினா மட்டும், "அதுக்கென்னங்க ஐயா, இப்பவே பாடிக் காட்டுறோம்" என்றாள்.

முதல் பாட்டில் மாசானமுத்து துரையை எதிர்த்து நின்றார். நாலாவதில் சிறையை உடைத்தார். அமைச்சர் தொடையில் தாளம் போட்டார். கட்சிக்காரர்கள் விசிலடித்தார்கள். எட்டாவது தொடங்கியது.

"மாசானமுத்து போயிட்டாரே, பாடையில ஏறிட்டாரே!"

"ஐயோ, உயிரோட இருக்கிற மனுசனுக்கு ஒப்பாரியா? நிறுத்துங்க!" என்று அமைச்சரின் மனைவி அலறினார்.

அமைச்சரும் எழுந்து கையைக் காட்டினார். "ஏம்மா, இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் இருளாண்டி பேரையே வச்சுக்கோ."

"சரிங்க ஐயா. பேர் வாங்க நீங்க, சாக மட்டும் இருளாண்டி. அப்படித்தானே?"

கட்சிக்காரர்களே சிரித்துவிட்டார்கள். அமைச்சர் அரங்கத்தைப் பற்றி அப்புறம் வாயே திறக்காமல் கார் ஏறினார்.

மறுநாள் எட்டுப் பாட்டும் இருளாண்டி பேரிலேயே ஒலித்தன. ஒன்பதாவதாக, அமைச்சர்களே பாடுவதுபோல் ஒன்றையும் சேர்த்துப் பாடினார்கள்: "பேர் வாங்க நாங்க, சாக மட்டும் நீங்க!" கூட்டம் அதற்குத்தான் மூன்று தடவை திரும்பப் பாடச் சொல்லி ஆடியது.