பலாக்கன்றுக்கு வந்த வெயில்

தன்னைவிட இருபது வயது மூத்தவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த டீச்சரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

புள்ளியியல் டீச்சர் தில்லைக்கரசிக்கு அப்படியொரு மாணவர் வாய்த்தார். பெயர் மாசிலாமணி. வனத்துறையில் ரேஞ்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மூங்கில்மட்டம் மலையில் காடு ஏன் அழிந்தது என்று கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

ரோடு, சரிவு, மழை, மாடு, குடிசை என்று கட்டம் கட்டமாக நிரப்பிக் கம்ப்யூட்டரில் ஓட்டினார். ஒருநாள் காலையில் முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றார்.

“புடிச்சுட்டேன் டீச்சர்! குடிசைதான் காரணம். குடிசை இருக்கிற பக்கமெல்லாம் காடு போயிருக்கு. திங்கட்கிழமை டிபார்ட்மெண்ட்ல அறிக்கையைக் கொடுத்தா முப்பத்திரண்டு வீட்டையும் காலி பண்ணிடுவாங்க. மிச்சக் காடாவது பிழைக்கும்.”

டீச்சர் தாளைப் பார்த்தார்.

“கூட்டல் கழித்தல்ல தப்பு இல்லை. வண்டியை எடுங்க சார், ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாம்.”

“அங்கதானே நான் முதன்முதலா ஃபாரஸ்ட் கார்டா இருந்தேன். எனக்குத் தெரியாததா?”

“எனக்குத் தெரியாதே.”

மலையில் முதல் வீட்டு வாசலில் பெரிய பலாமரம் நின்றது. அதன் அடியில் வெள்ளையம்மா பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

“இந்த மரம் எப்ப வச்சதும்மா?” என்றார் டீச்சர்.

“குடிசை போட்ட வருஷம், பாப்பா.”

“அப்ப சுத்தியும் காடா?”

வெள்ளையம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“நல்லா கேட்ட போ! காடு இருந்தா கன்னுக்கு ஏது வெயிலு? ஃபாரஸ்ட்டுக்காரங்களே எல்லாத்தையும் வெட்டி எடுத்துட்டுத்தான், தைலமரம் நடறதுக்கு எங்களை லாரியில ஏத்தியாந்தாங்க. கழுத்துல விசிலு போட்ட கார்டு ஒருத்தரு, இளவட்டம். ‘இங்கயே குடிசை போட்டுக்கங்க’ன்னு அவருதான் இடம் காட்டுனாரு. நல்ல மனுசன்.”

மாசிலாமணியின் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

வெள்ளையம்மா ஒரு பிடி கொட்டையை அவர் கையில் திணித்தார். “சுட்டுத் தின்னுங்க சாமி.”

வண்டியில் ஏறி உட்கார்ந்தவர் சாவியைத் திருப்பவில்லை.

“அந்த லாரியில ஆள் ஏத்துனது நான்தான் டீச்சர். முப்பத்தஞ்சு வருஷம். ஒருநாளும் நினைப்பு வரலை.”

கொட்டைகளை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

“இதை எந்தக் கட்டத்துல போடறது?”

“அதுக்கு நீங்க கட்டமே போடலையே. திங்கட்கிழமைக்குள்ள ஒண்ணு போட்டுடுங்க சார்.”