குடத்தில் தெரிந்த ஆள்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்கு அங்கப்பன் பாத்திர மாளிகைக்குள் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். முதலாளி அங்கப்பன், கம்ப்யூட்டரில் பில் போடும் செண்பகவல்லி, விற்பனைக்குப் பூவராகன், பார்சல் கட்ட மாசிலாமணி, சரக்கறைக்குத் திருமேனி. கல்லாவுக்கு மேலே ஒரு பல்லியும் இருந்தது. அது சம்பளப் பட்டியலில் இல்லாததால் திருமேனி அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

திருமேனிக்கு எண்ணத் தெரியும். பேசத்தான் கூச்சம். இருபத்திரண்டு வருஷமாகச் சரக்கறையில் இருக்கிறார். வாங்க வந்தவர்கள் தப்பித் தவறி உள்ளே எட்டிப் பார்த்தால், பெரிய அண்டாவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்.

முதலாளி சம்பந்தி வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குப் பத்தரைக்கு நம்ம ஆன்லைன் கடை திறக்குது. கம்பெனிக்காரங்க ஒன்பது படம் அனுப்பியிருக்காங்க. அதையே போடுங்க. நான் எடுக்கிறேன், நீ எடுக்கிறேன்னு யாரும் செல்போனைத் தூக்கிட்டுக் கிளம்பாதீங்க. போடறதுக்கு முன்னாடி படத்தையும் பொருளையும் பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாருங்க. படத்துல என்ன இருக்கோ, அதுதான் வாங்கினவங்க கைக்குப் போகணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

நால்வரும் தலையாட்டினார்கள்.

"திருமேனி, நீதான் பொறுப்பு. 'பார்த்தது வேற, வந்தது வேற'ன்னு ஒரே ஒரு பொருள் திரும்பி வந்தாலும் சரி, சனிக்கிழமையிலேர்ந்து நீ வாசல்ல நிக்கிறே. 'வாங்கக்கா, வாங்கண்ணே'ன்னு போறவங்க வர்றவங்களைக் கூப்பிடறே."

திருமேனி ஒரு தடவை வாசலைப் பார்த்தார். உடனே சரக்கை எண்ணப் போனார். புதுச் சரக்கு மொத்தம் அறுபத்திரண்டு பாத்திரம். இரண்டு தடவை எண்ணினார். இரண்டு தடவையும் அறுபத்திரண்டு.

முதல் படம் கரண்டி. செண்பகவல்லி திரையில் திறந்தாள். மாசிலாமணி கரண்டியைப் பக்கத்தில் பிடித்தார். சரியாக இருந்தது. இரண்டாவது படம் அண்டா. மூன்று பேர் சேர்ந்து அண்டாவைத் தூக்கித் திரைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். திரையே காணாமல் போய்விட்டது.

"படத்து அண்டா சாண் உயரம்தான் இருக்கு," என்றாள் செண்பகவல்லி. "கரண்டியும் அதே சாண்தான்."

"அப்ப கம்பெனியில அளவு மாத்தி அனுப்பிட்டாங்க," என்றார் பூவராகன்.

மாசிலாமணி வெகுநேரம் யோசித்தார். "தூரத்துல வச்சா எதுவும் சின்னதாத் தெரியும்ல அண்ணே?"

அது நியாயமாகப் பட்டது. திருமேனி திரைக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டார். மற்றவர்கள் அண்டாவைத் தள்ளிக்கொண்டே போனார்கள். கல்லா தாண்டியது, வாசற்படி தாண்டியது. நடுத்தெருவில் ஒரு பஸ் நின்று ஹாரன் அடித்தது. "இன்னும் அரை அடி!" என்று திருமேனி கத்தினார். அவர் கத்தியதை அந்தத் தெரு அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது. நாடாவைப் பிடித்து அளந்தார்கள். அண்டாப் படத்துக்குக் கீழே செண்பகவல்லி இப்படி எழுதினாள்: 'இருபத்தேழரை அடி தூரத்தில் வைத்துப் பார்க்கவும்.'

அடுத்தது சாப்பாட்டுத் தட்டு. படத்துத் தட்டில் நாலு இட்லி இருந்தது.

"கூடவும் கூடாது, குறையவும் கூடாது," என்று பூவராகன் நினைவுபடுத்திவிட்டு மெஸ்ஸுக்குப் போனார். நாலு இட்லி வாங்கி வந்து ஒப்பிட்டார்கள். பொருந்தியது. ஆனால் ஆர்டர் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? வாங்குகிறவரை ஏமாற்றக் கூடாதே. அதனால், 'இட்லி செவ்வாய்க்கிழமை வாங்கியது' என்று அதையும் எழுதினார்கள்.

இதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. குடத்தில்தான் சிக்கல் வந்தது.

எவர்சில்வர் குடம், கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. செண்பகவல்லி படத்தைப் பெரிதாக்கினாள். குடத்தின் வயிற்றில் சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

"யாரோ நிக்கிறாங்க அண்ணே."

திருமேனி நிஜக் குடத்தைத் தூக்கிப் பார்த்தார். "இதுல நான்ல இருக்கேன்!"

"கொண்டாங்க இப்படி," என்று மாசிலாமணி வாங்கினார். "நல்லாப் பாருங்க. இது நானு."

"ரெண்டு பேரும் சும்மா இருங்க," என்றாள் செண்பகவல்லி. "இதுல நான் இருக்கேன். என் மூக்குத்திகூடத் தெரியுது."

"ஒரு குடத்துல எத்தனை பேருதான் இருப்பாங்க?" என்று பூவராகன் எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நானும் இருக்கேன்."

மிச்சப் படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தார்கள். ஒன்பது படத்திலும் அதே ஆள், அதே தொப்பி. கரண்டியில் மட்டும் அவர் தலைகீழாக நின்றார்.

திருமேனி சரக்கு வந்த சீட்டை எடுத்து வரி வரியாகப் படித்தார். குடம், அண்டா, தட்டு, தூக்குவாளி எல்லாம் இருந்தது. ஆள் என்று ஒரு வரி இல்லை. கம்பெனிக்காரன் சரக்கைக் குறைத்து அனுப்பிவிட்டான்! அவர் கண்முன்னே கடை வாசல் வந்து நின்றது.

வேறு வழியில்லை. பேச வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போன் போட்டார்.

"வணக்கம். உங்க படத்துல ஆள் இருக்கார். சரக்குல ஆள் வரலை."

"எந்த ஆளு சார்?"

"சிவப்புத் தொப்பி."

மறுமுனையில் ஒருவர் படத்தைத் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அது போட்டோ எடுத்தவர் சார். பாத்திரத்துல தெரியுறார்."

திருமேனி தாளின் அடுத்த வரியைப் படித்தார். "அவரை எப்ப அனுப்புவீங்க?"

"அவர் வேலையை விட்டே போயிட்டார் சார்."

தாளில் அதற்கு மேல் வரி இல்லை. திருமேனி தாளைத் திருப்பிப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் பொறுமை போய்விட்டது. "ஆளு வேணும்னா உங்க கடையிலேர்ந்தே ஒரு தொப்பியைப் போட்டு அனுப்புங்க சார்!" என்று போனை வைத்துவிட்டார்.

திருமேனிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "எவ்வளவு தங்கமான மனுஷன். வழி சொல்லிட்டார்."

சிவப்புத் தொப்பி நாலு வாங்கினார்கள்.

புதன்கிழமை பத்தரைக்கு ஒன்பது படமும் ஆன்லைன் கடையில் ஏறின. பதினொன்றரைக்கு முதல் ஆர்டர் வந்தது. மேலத்தெரு வாத்தியாரம்மா வீட்டுக்கு ஒரு குடம். மாசிலாமணி தொப்பியை மாட்டிக்கொண்டு குடத்தோடு கிளம்பினார்.

"எப்ப அண்ணே திரும்பணும்?" என்று வாசலில் நின்று கேட்டார்.

"திரும்பறதா?" திருமேனி பதறிப்போனார். "பொருள் திரும்பி வரக் கூடாதுய்யா!"

அன்று சாயங்காலம் வாத்தியாரம்மா ஐந்து நட்சத்திரம் போட்டுக் கருத்து எழுதியிருந்தார்: 'படத்தில் உள்ளபடியே வந்தது. ஆள் நல்ல சுபாவம். குழாயில் தண்ணீர் பிடித்து வைக்கிறார்.'

அதைப் படித்துவிட்டு வியாழக்கிழமை பேங்க் மேனேஜர் தட்டு கேட்டார். பூவராகன் செவ்வாய்க்கிழமை இட்லியோடு போனார். வெள்ளிக்கிழமை பெண்கள் விடுதியிலிருந்து டிபன் கேரியருக்கு ஆர்டர் வந்தது. அங்கே ஆம்பிளையை அனுப்ப முடியுமா? செண்பகவல்லி போனாள். போகும்போது, "கம்ப்யூட்டர்ல மணி அடிச்சா ஆர்டர் அண்ணே," என்று சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். எல்லோருக்கும் ஐந்து ஐந்து நட்சத்திரம். ஒருவரும் திரும்பவில்லை.

சனிக்கிழமை காலை முதலாளி வந்து இறங்கினார்.

"என்ன திருமேனி, கடை காத்து வாங்குது?"

"எல்லாம் டெலிவரி ஆயிருச்சு முதலாளி."

"சரக்கா?"

"ஆளுங்க."

முதலாளி கம்ப்யூட்டரில் இருந்த கருத்துக்களை ஒவ்வொன்றாகப் படித்தார். மூன்றாவதை இரண்டு தடவை படித்தார். "ஒருத்தர்கூட வேற மாதிரி வந்துச்சுன்னு சொல்லலையேய்யா! நான் சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டே." துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். "ஆனா இப்ப வாசல்ல நின்னு கூப்பிட ஆளில்லையே. நீயே கொஞ்சம்..."

திருமேனியின் ஒரு கால் அண்டாப் பக்கம் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. தாலுகா ஆபீஸ் கிளார்க் ஒருவருக்கு ஒரு தூக்குவாளி.

திருமேனி கடைசித் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். சரக்கறைக்குப் போய்த் தூக்குவாளியை எடுத்தார். மிச்சச் சரக்கை எண்ணினார். மறுபடியும் ஒரு தடவை எண்ணினார். முதலாளியையும் தலையிலிருந்து கால் வரை ஒரு தடவை பார்த்துவிட்டு, சரக்குப் புத்தகத்தில் எழுதி, அவரிடமே நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்.

மிச்சம்: பாத்திரம் ஐம்பத்தெட்டு, முதலாளி ஒன்று.