பின்னால் நின்ற கோச்

கல்லூரி கேமிங் டீமில் இடம் கேட்டுப் போனாள் ஆதிரை. கோச் கருணாகரன் தன் காலத்துப் பழைய கேமை நீட்டினார்.

"நீங்கல்லாம் யூடியூப் பார்த்து ஆடுறவங்க. எங்களுக்கு யாரும் சொல்லித் தரல. ஒரே லைஃப்ல, நடுவுல சாகாம இதை முடி, சேர்த்துக்கிறேன்."

அந்த கேமை அவள் பார்த்ததே இல்லை.

"சரி சார், பின்னாடி நின்னு பாருங்க" என்றவள், திரையில் தன் பொம்மையை நேரே பள்ளத்தை நோக்கி மெல்ல நடத்தினாள். கோச்சுக்குப் பொறுக்கவில்லை.

"ஐயோ, குதிம்மா! அந்தச் செங்கலை முட்டு, ஏணி இறங்கும்!"

கடைசிக் கட்டம்வரை கத்தித் தீர்த்தார். முப்பது வருஷமாகியும் ஒரு பள்ளம்கூட மறக்காத மனுஷனைக் கண்டு ஆதிரை மலைத்துப்போனாள்.

ஒரே லைஃபில் ஆட்டம் முடிந்து, திரையில் கோட்டைக் கதவு திறந்தது.

"இத்தனையும் எப்படி சார் தெரியும்?"

"நான் ஆடுறப்போ எங்க தெருவே பின்னாடி நின்னு இப்படித்தான் கத்தும்மா..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எங்க தெருவுக்குப் பேரு யூடியூப், சார். என் பேரு ஆதிரை. எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்.