பதினெட்டாம் நாள் குழாய்

“மேடம், நான் இத்தோட நிறுத்திக்கிறேன்.”

சவரிமுத்து இப்படிச் சொன்னது பூங்கோதையிடம். அவரைவிட எட்டு வயது சின்னவர். ஆனாலும் அவருக்குக் குரு. பழ ஈயின் மூளை எப்படி வளர்கிறது என்று பதினாறு வருஷமாகக் குடைந்துகொண்டிருப்பவர். என்ன வேலை என்று யாராவது கேட்டால், “ஈ ஓட்டுறேன்” என்பார்.

“என்ன ஆச்சு?”

“பழுதான மரபணு இருக்கிற ஈக்களுக்கு நல்ல மரபணுவைக் கொடுத்துப் பார்த்தேன். மூணாவது தடவை. ஒண்ணுகூடப் பிழைக்கலை. எல்லாம் கூட்டுக்குள்ளேயே முடிஞ்சு போச்சு.”

அதே மரபணுவில்தான் சவரிமுத்துவின் மகள் அமலிக்கும் பழுது. நாலு வயசு. இன்னும் நிற்கவில்லை. அவளுக்காகவே கல்லூரி வேலையை விட்டுவிட்டு பூங்கோதையிடம் மாணவராக வந்து சேர்ந்த மனுஷர், பாவம்.

“புள்ளைக்குப் பயிற்சியும் போதும்னு வீட்டுக்காரி ரெஜினாகிட்ட சொல்லிட்டேன். நடக்கப் பழக்குற ஷூவைக்கூட எடுத்து உள்ளே வெச்சாச்சு. எதுக்கு அவளைப் போட்டு வதைக்கணும்?”

பூங்கோதை கழுவுகிற தொட்டிப் பக்கம் போனார். சவரிமுத்து ஈ வளர்க்கிற கண்ணாடிக் குழாய்கள் கழுவுவதற்காக அங்கே நின்றன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“இது ஏன் இங்கே வந்துச்சு?”

“பதினெட்டு நாள் ஆயிடுச்சே மேடம். பத்தாம் நாள் ஈ வெளியே வந்திடும். பதினெட்டாம் நாள் கழுவிடணும். நம்ம லேப் வழக்கம்தானே?”

“எதுக்கு அந்த வழக்கம்?”

“வந்த ஈயோட பிள்ளைங்க அதோட கலந்திடக் கூடாதுன்னு.”

“இதுல ஈயே வரலையே. எது எதோட கலக்கும்?”

சவரிமுத்து கிட்டே வந்து குழாயைப் பார்த்தார். கூடுகள் மூடியே இருந்தன.

“போன ரெண்டு தடவையும் எந்த நாள்ல கழுவினீங்க?”

“பதினெட்டாம் நாள்தான்… ஐயோ!” தலையில் அடித்துக்கொண்டார்.

பூங்கோதை குழாயை அவர் மேசையில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

பத்தொன்பதாம் நாள் ஒன்றும் இல்லை.

இருபதாம் நாளும் இல்லை.

இருபத்தோராம் நாள் காலை, ஒரு கூடு திறந்தது. வெளிறிப்போன ஈ ஒன்று, சுருங்கிய இறக்கையோடு வெளியே வந்தது. தொப்பென்று விழுந்தது. எழுந்தது. கண்ணாடியில் ஏறத் தொடங்கியது.

“மேடம்!”

பூங்கோதை ஓடி வந்து பார்த்தார். அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

“மத்ததுங்களுக்கு இன்னும் எத்தனை நாள் காத்திருக்கணும் மேடம்?”

“எனக்கு எப்படித் தெரியும்? அதை ஈதான் சொல்லணும்.”

சவரிமுத்து போனை எடுத்தார்.

“ரெஜினா, புள்ளைக்கு ஷூவை மாட்டு. நான் வந்துட்டே இருக்கேன்.”