உப்புக் கேட்கப் போனவர்

முதலில் அவளுக்குத் தண்ணீரை நிறுத்தினார்கள். பொதுக்குழாயில் அவள் குடம் வைத்தால் மற்றக் குடங்கள் விலகின, ஓடைக்கு நடந்தாள். அடுத்து கடையில் அவளுக்கு ஒரு தீப்பெட்டிகூட இல்லை என்றார்கள். அதன்பின் வயல்வேலை நின்றது. அதன்பின் பேச்சு நின்றது. கடைசியில், செத்த ஆட்டுக்குட்டியைப் புதைக்க ஒரு மண்வெட்டி இரவல் தரவும் ஆள் இல்லாமல் போனது.

அவள் செய்த குற்றம் ஒன்றுதான். புருஷன் பிணத்தை வாய்க்கால் சேற்றில் இறக்கித் தூக்கிப்போக மாட்டேன் என்று, தேர் ஓடும் தெரு வழியாகக் கொண்டுபோனாள். ஊர் கூடி அவளை விலக்கி வைத்தது. விலக்கை மீறுகிற உள்ளூர்க்காரருக்கும், ஊர் எல்லைக்குள் குடியிருப்பவருக்கும் அதே விலக்கு.

ஊர்க் கோடியில் ஒரு கொட்டகையில் சாமியார் ஒருவர் இருந்தார். அவரைக் குருவாக ஏற்றவன் சங்கிலி மட்டும்தான். சங்கிலிக்கும் அவர் வயதுதான். மேடை மேடையாகப் பேசி, சிறைக்கும் போய், தொண்டை கரகரத்தபின் அவரைத் தேடி அவ்வப்போது பக்கத்து ஊரிலிருந்து வருகிறவன்.

சங்கிலி அவளுக்காக மனு எழுதினான். விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். ஊர்த் தலைவரான பெரியதனக்காரர் வீட்டில் கோழிக்குழம்பு சாப்பிட்டார். ஊர் அமைதியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார்.

அன்று மாலை குரு ஒரு சிரட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"எங்கே போகிறீர்கள், ஐயா?"

"உப்பு வாங்கிவர."

"ஜாடி நிறைய உப்பு இருக்கிறதே."

குரு ஜாடியைத் திரும்பிப் பார்க்கவில்லை. போனார். சிரட்டையில் உப்போடு வந்தார்.

சங்கிலி குரலைத் தாழ்த்தினான். "அந்த வீட்டிலா?"

"அந்த வீட்டுக்காரிக்குப் பெயர் இல்லையா?"

"பெயரைச் சொல்வதும் விலக்குக்கு விரோதம், ஐயா."

"நீ வெளியூர்க்காரன். உனக்குமா?"

"மனுவில் எழுதியிருக்கிறேன்."

"எழுதினாய்" என்றார் குரு.

சங்கிலிக்குச் சுருக்கென்றது. "கொடுக்கப் போயிருந்தாலும் அர்த்தம் உண்டு. இல்லாதவளிடம் போய் வாங்கி வருவீர்களா?"

"நீ அரிசி கொண்டுபோய்க் கொடுத்தாயே. என்ன செய்தாள்?"

"கதவுக்குப் பின்னால் நின்று வாங்கிக்கொண்டாள். முகம் காட்டவில்லை."

"உப்புக் கேட்டதும் வாசலுக்கு வந்தாள். இவ்வளவு போதுமா சாமி என்று கேட்டாள்."

சங்கிலி சிரட்டையை வாங்கி உப்பை ஜாடியில் கொட்டினான்.

"உள்ளே மூட்டை கட்டி வைத்திருக்கிறாள்" என்றார் குரு. "விடிந்ததும் ஊரைவிட்டுப் போவதாக இருந்தாள்."

"இருந்தாள் என்றால்?"

"நாளைக்கு ஊசியும் நூலும் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டாள்."

சங்கிலி சிரித்தான். கசந்த சிரிப்பு. "ஒரு ஊசியை வைத்து இந்த ஊரை எதிர்க்கப் போகிறீர்களா?"

"கிழிந்த வேட்டியைத் தைக்கப் போகிறேன்" என்றார் குரு.

ஊசிக்குப் பிறகு அரிவாள்மணை கேட்டார். அதைத் திருப்பிக் கொடுத்த கையோடு அம்மிக்குழவி கேட்டார். ஒவ்வொரு முறையும் அவள் மூட்டையிலிருந்து ஒரு சாமான் வெளியே வந்தது. ஒருநாள் அவள் வாசலில் சாணி தெளித்திருந்தது.

அதைப் பக்கத்து வீட்டு ஒச்சம்மாள் பார்த்தாள். வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"சாமியாருக்கு மட்டுந்தான் குடுப்பியாக்கும்? எனக்கு ஒரு கொத்து கறிவேப்பிலை கெடயாதா?"

விஷயம் பெரியதனக்காரர் காதுக்குப் போனது. மந்தைத் திடலில் ஊர் கூடியது. குருவை நடுவில் நிறுத்தினார்கள். அவளைக் கூட்டத்துக்கு அப்பால், வெயிலில் நிற்கச் சொன்னார்கள். இவரை விலக்கிவிட்டால் அவள் தானாகவே மூட்டையைக் கட்டிவிடுவாள் என்பது பெரியதனக்காரர் கணக்கு.

சாட்சியாக ஒச்சம்மாளைக் கூப்பிட்டார்கள்.

"சாமியார் அங்கே சாமான் வாங்கியதைப் பார்த்தாயா?"

"பாத்தேன்."

"எங்கே நின்று பார்த்தாய்?"

"அதே வாசல்லதான். இவரு கொழவியை வாங்கிட்டு நகந்தாத்தான நான் மொறத்தை வாங்க முடியும்?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது.

"உன்னையும் விலக்கி வைக்க வேண்டிவரும், ஒச்சம்மா."

"வைங்க. அவ ஒருத்தி, இவரு ஒருத்தரு, நான் ஒருத்தி. தாயம் உருட்ட ஆள் சேந்தாச்சு."

பெரியதனக்காரர் முகம் இறுகியது. "குற்றத்தை வாசி" என்றார்.

ஊர்ச்சேவகன் தாளைப் பிரித்தான். "ஊர்க் கோடியில் குடியிருக்கும் சாமியார், விலக்கு வைத்த வீட்டில் உப்பு வாங்கினார்."

"யார் வீட்டில்?" என்று கேட்டார் குரு.

சேவகன் பெரியதனக்காரரைப் பார்த்தான்.

"எல்லாருக்கும் தெரிந்ததுதானே" என்றார் பெரியதனக்காரர்.

"இவ்வளவு பேருக்குத் தெரிந்ததைச் சொல்ல ஒருவரும் இல்லையா?"

சாட்சி வரிசையில் இருந்த ஒருவர் கனைத்தார். "பேரை வாசிக்காத வழக்கு செல்லாது, பெரியதனம். உங்க அப்பா காலத்துல இருந்து அப்படித்தான்."

"பேரைச் சொன்னவன் விலக்குக்கு ஆளாவான். அதுவும் அப்படித்தான்" என்றார் இன்னொருவர்.

பெரியதனக்காரர் இருவரையும் முறைத்தார். வழக்கை விடவும் மனமில்லை. பெயரைச் சொல்லவும் வாயில்லை. கண்கள் கூட்டத்தைத் துழாவி, சங்கிலியிடம் வந்து நின்றன.

"ஓய், நீர் வெளியூர். எங்கள் விலக்கு உம்மைக் கட்டாது. மேடையில் முழங்கின ஆள்தானே? நீர் வாசியும்."

"நான் வாசித்தால் அது ஊர் வாசித்ததாகுமா?" என்று கேட்டான் சங்கிலி.

"ஆகும். நான் சொல்கிறேன். ஊர் சொல்கிறது. வாசியும்."

சங்கிலி தாளை வாங்கினான். குருவின் பக்கம் குனிந்தான்.

"வாசித்தால் வழக்கு செல்லுபடியாகிவிடும், ஐயா. உங்களை விலக்கிவிடுவார்கள்."

"விலக்கட்டும்."

"பிறகு அவசரத்துக்கு எந்த வீட்டுக்குப் போவீர்கள்?"

"அதைத்தானே வாசிக்கச் சொல்கிறார். சத்தமாக வாசி" என்றார் குரு.

சங்கிலி நிமிர்ந்தான். பெரியதனக்காரர், சாட்சிகள், தேர்த்தெரு ஆட்கள், கீழத்தெரு ஆட்கள் எல்லாரும் கேட்க, மேடையிலும் எழாத குரலில் வாசித்தான்:

"ஊர்க் கோடிச் சாமியார் உப்பு வாங்கிய வீடு, மாயழகு மனைவி..."

வெயிலில் நின்றவள் தலையைத் தூக்கினாள்.

"...சீனியம்மாள்."