முரசுக்காரர் எண்ணிய தாளம்

“டீச்சர், இந்த ஸ்வீடன்காரர் சிம்பொனி எனக்கு ஒரு மண்ணும் புரியலை” என்றார் எட்வின்.

ஆர்க்கெஸ்ட்ராவில் அவர் பெரிய முரசு வாசிப்பவர். கோல் அசைத்து அதை நடத்தும் லில்லியன் அவரைவிட வயதில் சின்னவர்தான். ஆனாலும் எட்வினுக்குத் தாளம் சொல்லிக்கொடுத்தவர், அதனால் டீச்சர். சென்னையில் ஒரு சர்ச் ஹாலில் ஒத்திகை. மறுநாள் கச்சேரி.

“எது புரியலை?”

“எதுவுமே. போன நூற்றாண்டுல எழுதினதாம். நடுவுல நிக்கிறதே இல்லை. சண்டை போடுது, அழுவுது, திடீர்னு தாலாட்டுது. எங்க போகுதுன்னே தெரியலை.”

அதில் முரசுக்கு நெடுநேரம் வேலை கிடையாது. எட்வின் மனசுக்குள் தாளம் எண்ணியபடி சும்மா நிற்க வேண்டும். கடைசியில் வயலின்கள் ஒரே சுரத்தில் நீளமாக நிற்கும்போது ஒரே ஒரு அடி. அதைப் பிடித்துக்கொண்டுதான் எல்லாரும் முடிவுக்குப் போவார்கள்.

காலையிலிருந்து அந்த அடியை அவர் விடாமல் தப்பாக அடித்துக்கொண்டிருந்தார். இன்னொரு முறை தவறினால் நாளைக்கு வேறு ஆள் என்று ஆர்க்கெஸ்ட்ரா செயலாளர் சொல்லிவிட்டார். தன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே எட்வின் முரசோடு நின்ற இடம் அது.

“எண்ணிக்கை விட்டுப்போனா என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டார் லில்லியன்.

“டிராம்போன் ஊதுற மத்தியாஸைப் பார்ப்பேன். அவர் வாத்தியத்தைத் தூக்கினா நானும் கையை ஓங்குவேன்.”

“மத்தியாஸ், நீங்க?”

மத்தியாஸ் நெளிந்தார். “நான் எட்வின் சாரைத்தான் பார்ப்பேன்.”

ஹாலே சிரித்தது. எட்வினுக்கு மானம் போயிற்று.

“அப்ப நீங்க யாரைப் பார்ப்பீங்க டீச்சர்?” கோபத்தில் வாயில் வந்துவிட்டது.

லில்லியன் கோலை உயர்த்தினார். சிம்பொனி மறுபடி சண்டை போட்டது, அழுதது, தாலாட்டியது. எட்வின் எண்ணினார். வழக்கம்போல நடுவில் கோட்டைவிட்டார்.

வயலின்கள் ஒரே சுரத்தில் நின்றன. லில்லியன் கைகளைத் தொங்கவிட்டார். தாளமே இல்லை.

எட்வின் மத்தியாஸைப் பார்த்தார். மத்தியாஸ் அவரைப் பார்த்தார். வயலின்காரர்கள் வாசித்தபடியே திரும்பினார்கள். வாசலில் நின்ற செயலாளரும் அவரையே பார்த்தார். லில்லியனும்தான்.

எண்ண ஒன்றும் மிச்சமில்லை. அந்தச் சுரம் இனி தாங்காது என்று தோன்றியது. அடித்தார்.

மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் ஒன்றாக முழங்கி முடிவுக்குள் போயிற்று.

எல்லாம் அடங்கியதும் எட்வின் கேட்டார். “டீச்சர், இப்ப சரியான இடத்துலயா அடிச்சேன்?”

“தெரியலை. நானும் எங்கயோ எண்ணிக்கையை விட்டுட்டேன். நாளைக்குக் கச்சேரிக்குக் கொஞ்சம் சீக்கிரமா வந்துடுங்க எட்வின்.”