கஸ்தோர் விட்டுக்கொடுத்த இடம்

அந்தக் காலத்தில் குதிரைகள் பேசும், மனிதர்களும் நின்று பதில் சொல்வார்கள். அப்போது பாரிஸ் நகரத்தில் ஒதீல் என்பவள் ரம்ப மிஷின் செய்யும் பட்டறை நடத்தினாள். அவளுடைய மரவண்டியை இழுத்தது கஸ்தோர் என்ற குதிரை. பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட அது நடுவழியில் நின்றதில்லை. அந்தத் திமிர் அதற்கு நிறையவே உண்டு.

ஒதீலுக்குக் கார் செய்யும் ஆசை பிடித்தது. ரம்ப மிஷினில் முன்பக்கம் மரம் போகும், பின்பக்கம் இன்ஜின் இருக்கும். பழக்கதோஷம், காரிலும் இன்ஜினைப் பின்னாலேயே வைத்துவிட்டாள். மேட்டில் ஏறியதும் முன்சக்கரம் தரையை விட்டுத் தூக்கியது. கார் சறுக்கிப்போய் முட்டைக்கோஸ் கடையில் விழுந்தது.

"மதாம், பறக்கப் போறீங்களா?" என்று தெருவே சிரித்தது.

ஒதீல் லாயத்துக்கு வந்தாள். "ஞாயிற்றுக்கிழமை ஊர் முன்னாலே கார் மேடு ஏறிக் காட்டணும் கஸ்தோர். ஏறலைன்னா காரை விறகாக்கிட்டு ரம்பத்துக்கே போயிடுவேன்."

கோளாறு எங்கே என்று கஸ்தோருக்கு முதல் நாளே தெரியும். சொன்னால் அதன் வேலை போய்விடும். அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கம் போன பால்வண்டிக் குதிரை எட்டிப் பார்த்தது. "என்னடா, உங்க முதலாளியம்மா கோஸுக்குள்ளே குப்புற விழுந்தாளாமே!"

கஸ்தோருக்குச் சுர்ரென்று ஏறியது. "எங்க பட்டறையைப் பார்த்தா சிரிக்கிறே? போடா!" என்று விரட்டிவிட்டு ஒதீலிடம் திரும்பியது.

"மதாம், என்னை வண்டிக்கு எந்தப் பக்கம் கட்டுவீங்க?"

"முன்னாலே."

"அப்புறம் அந்த இன்ஜின் கனத்தை மட்டும் எதுக்குப் பின்னாலே வெச்சீங்க? என் இடத்துல வைங்க. முன்சக்கரம் எப்படித் தூக்குதுன்னு பார்த்துடலாம்."

"அப்போ நீ எங்கே நிப்பே?"

கஸ்தோர் கழுத்துப் பட்டையிலிருந்து தலையைத் தானே உருவிக்கொண்டு ஒதுங்கி நின்றது.

ஞாயிற்றுக்கிழமை கார் ஏறியது. சறுக்கவில்லை, தூக்கவில்லை, உச்சிவரை ஒரே மூச்சு. பக்கத்திலேயே கஸ்தோரும் ஓடிவந்தது.

"யம்மாடி! இதுக்கு எவ்வளவு பலம் மதாம்?" என்று ஜனம் கேட்டது.

ஒதீல் குதிரையின் பிடரியில் கை வைத்தாள். "நாலு கஸ்தோர்!"

"நாலு குதிரைன்னு சொல்லுங்க," என்றது கஸ்தோர். "பேர் எங்க எல்லாருக்கும் சேரட்டும்."

அன்று முதல்தான் கார் இன்ஜின் குதிரை நின்ற இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு பெரிய கார் என்றாலும், அதன் பலத்தைக் கேட்டால் இத்தனை குதிரை என்றுதான் சொல்லியாக வேண்டும்.